காதலி வேடம் போடாத கதாநாயகி

(கே.பி. சுந்தராம்பாள் – இரண்டாம் பகுதி)

1933 டிசம்பர் 2-ம் தேதி செங்கோட்டை கிட்டப்பா காலமானதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அவருக்கு அப்போது 28 வயதுகூட நிரம்பவில்லை. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. ஆறு வருட மண வாழ்க்கை. அதிலும் மனஸ்தாபமும் பிரிவுமாகக் கழிந்த நாட்கள் கணிசம். அன்று வெள்ளைச் சேலைக்கு மாறியவர், 1980-ல் கண்மூடும் வரை வேறு நிறம் உடுத்தவில்லை. நகைகளைக் கழற்றினார். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. கூடவே இன்னொரு முடிவும் எடுத்தார்: இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை.

இந்த முடிவைத் தியாகம், பதிபக்தி என்று கொண்டாடியே நாம் பழகிவிட்டோம். அந்தப் பாராட்டில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அந்தக் காலத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு வெள்ளைச் சேலையை ஊரே எடுத்துக் கொடுத்துவிடும். கட்டிக்கொண்டு வீட்டின் பின்கட்டில் உட்கார வேண்டும் என்பதுதான் வழக்கம். சுந்தராம்பாள் அதே சேலையோடு மேடை ஏறினார், ஆயிரக்கணக்கான பேர் முன்னால் நின்று பாடினார், சம்பளம் பேசினார். அதைத்தான் நாம் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

உடனே நடந்துவிடவில்லை. கொஞ்ச காலம் வீட்டை விட்டே வெளியே வராமல் கிடந்தார். சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ் தலைவர்கள் வற்புறுத்தித்தான் பொது மேடைக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். அந்தச் சமயத்தில் அசன்தாஸ் என்ற படத் தயாரிப்பாளர் தேடி வந்தார். நந்தனார் கதையைப் படமெடுக்க வேண்டும், நீங்கள் நடிக்க வேண்டும் என்றார். அம்மாளுக்கு விருப்பமில்லை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தும் ஆள் விடுவதாக இல்லை. ஒரு லட்சம் ரூபாய் கேட்டால் தானாகப் போய்விடுவார் என்று நினைத்துக் கேட்டிருக்கிறார். அசன்தாஸ் சம்மதித்துவிட்டார்!

1935-ல் வந்த 'பக்த நந்தனார்' அப்படித்தான் உருவானது. மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குடும்பம் கௌரவமாக வாழ்ந்த காலத்தில் ஒரு லட்சம்! தமிழ்த் திரையில் அதற்கு முன் ஆணோ பெண்ணோ யாரும் வாங்காத தொகை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய கொடுமுடிச் சிறுமி, தன் குரலுக்குத் தானே விலை சொல்லி வாங்கிய தொகை அது.

நந்தனார் ஆண் வேடம். நாடக மேடையில் பெண்கள் ராஜபார்ட் கட்டுவது புதிதில்லை. சுந்தராம்பாளும் சிறு வயதிலேயே கட்டியவர்தான். ஆனால் மேடையில் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பதும், கேமரா முகத்துக்கு நேரே வந்து நிற்பதும் ஒன்றாகுமா? நந்தனாரை அடக்கி ஆளும் வேதியராக, சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நடித்தார். கடைசியில் அந்த வேதியர் நந்தனாரின் காலில் விழ வேண்டும். கர்நாடக இசை உலகின் பெரிய வித்துவான், பெண்ணொருத்தி ஏற்ற தாழ்த்தப்பட்டவர் வேடத்தின் காலில் விழுவதா என்று அன்றைக்கு முணுமுணுப்பு எழுந்தது. ஆனந்த விகடனில் கல்கி அந்தப் படத்தைத் தாளித்தே விட்டார். படமாக அதில் குறைகள் நிறைய இருந்திருக்கலாம். ஆனாலும் கதாநாயகனைத் தேடாமல் தானே கதையின் நாயகனாகிவிட்ட அந்தத் துணிச்சலைக் குறைத்து மதிப்பிட முடியாது.

அதன் பிறகு அவர் ஏற்ற பெரிய வேடங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். 1940-ல் 'மணிமேகலை': இளவரசன் துரத்தியும் மனம் மாறாத பௌத்தத் துறவி. 1953-ல் 'ஔவையார்'. 1964-ல் 'பூம்புகார்' படத்தில் சமணத் துறவி கவுந்தி அடிகள். 1965-ல் 'திருவிளையாடல்', மறுபடியும் ஔவை. 1973-ல் 'காரைக்கால் அம்மையார்'. ஒருவர்கூடக் காதலி இல்லை. பெரும்பாலும் வாழ்க்கையின் ஒரு கட்டத்தில் இல்லறத்தைத் தள்ளிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்த பெண்கள்.

ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் ஒரு கட்டம். கல்யாணம் நிச்சயமாகிவிட்ட இளம் ஔவையாகக் குசலகுமாரி பிள்ளையார் முன் நின்று, இந்த இளமையை எடுத்துக்கொள் என்று மன்றாடுகிறார். இளமை போகிறது, முதுமை வருகிறது. அந்த முதிய ஔவைதான் சுந்தராம்பாள். 'காரைக்கால் அம்மையார்' படத்திலும் அப்படியே. இளம் புனிதவதியாக லட்சுமி. அழகை உதறிய பிறகு அம்மையாராகச் சுந்தராம்பாள். இருபத்தைந்து வயதில் தன் வாழ்க்கையில் எதைச் செய்தாரோ அதையே திரையில் திரும்பத் திரும்பச் செய்யும்படி கதைகள் அவரைத் தேடி வந்திருக்கின்றன. அதனால்தான் அந்த வேடங்களில் அவர் நடித்ததாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

நடிப்பு என்று பார்த்தால் அவர் கை கால்களை அதிகம் அசைக்க மாட்டார். 'திருவிளையாடல்' படத்தில் கோபித்துக்கொண்டு மலை ஏறிய முருகனிடம் பேசும் காட்சியைக் கவனியுங்கள். கோலை ஊன்றி நின்ற இடத்தில் நிற்கிறார். முகத்தில் பாட்டியின் செல்லக் கண்டிப்பு. எல்லா வேலையையும் குரல் செய்கிறது. வார்த்தை ஒவ்வொன்றும் முழுதாக விழுகிறது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போதும் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசை தரை டிக்கெட்காரருக்கும் கேட்க வேண்டும் என்று பாடிப் பழகிய தொண்டை அது. பக்கத்தில் காசி ஐயரின் ஹார்மோனியம், எதிரே போட்டிக்குக் கிட்டப்பா! அவரோடு மேடை ஏறாதே, உன் பாட்டு அவரிடம் எடுபடாது என்று இலங்கையில் பலர் பயமுறுத்தியதை முந்தைய பகுதியிலேயே எழுதினேன். அந்தப் பயிற்சிக்கு முன்னால் மைக் எம்மாத்திரம்?

'பூம்புகார்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வசனம் கலைஞர் மு. கருணாநிதி. சுந்தராம்பாளோ தீவிர முருக பக்தர், பழுத்த காங்கிரஸ்காரர். அரசியலிலும் கடவுள் நம்பிக்கையிலும் எதிரெதிர் துருவங்கள். ஆனாலும் இளங்கோவின் காப்பியத்துக்கு அந்தக் குரல் வேண்டும் என்று அவர்களும் நினைத்தார்கள், இவரும் வந்து நடித்தார். அந்தத் தலைமுறையிடம் இருந்த இந்தப் பெருந்தன்மை இன்றைய சினிமாவிலும் அரசியலிலும் அரிதாகிவிட்டது என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

விருதுகள் தாமதமாகவே வந்தன. சின்னப்பா தேவரின் 'துணைவன்' படத்தில் பாடியதற்காக, 1969-ம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1970-ல் பத்மஸ்ரீ.

இந்தப் பகுதியை வாசித்து முடித்ததும், வீட்டில் இருக்கும் இளையவர்களோடு உட்கார்ந்து 'ஔவையார்' படத்தை ஒருமுறை பாருங்கள். படம் நீளம்தான், பாட்டுகளும் ஏராளம். இருந்தாலும் எந்தப் பாட்டையும் ஓட்டிவிட வேண்டாம். 1951-ல் சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினராகி, திரையுலகிலிருந்து அவைக்குள் நுழைந்தவர்களுக்கெல்லாம் முன்னோடியானார் சுந்தராம்பாள். அந்த அரசியல் கதை அடுத்த வாரம்.