ஆமை வண்டுக்கு மருந்து அடிக்கணுமா?

பொன்வண்டு என்றால் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்த நாட்கள்தான் நமக்கு ஞாபகம் வரும். சர்க்கரைவள்ளிக் கொடியில் மின்னுகிற வண்டு அது இல்லை. இது வேற ஆள். பெயர் ஆமை வண்டு.

உடம்பைச் சுற்றிலும் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் ஓட்டு விளிம்பு. தலை அதற்குள் மறைந்திருக்கும். தொட்டால் ஆறு காலையும் உள்ளே இழுத்து, இலையோடு அப்பளமாக ஒட்டிக்கொள்ளும். எறும்பு கடிக்கக்கூட இடம் கிடைக்காது. எங்கள் கால் ஏக்கரில் இரண்டு வகை இருக்கு. ஒன்று ஆரஞ்சு நிறத்தில் கரும்புள்ளி போட்டது. இன்னொன்று சின்னது, அசல் தங்கம் மாதிரி. ஆனால் செத்தால் அந்தத் தங்கம் போய்விடும். ஓட்டின் அடுக்குகளில் உள்ள ஈரம்தான் அந்த மினுமினுப்பு. காய்ந்தால் பழுப்புதான் மிச்சம்.

புழு இன்னும் விசேஷம். உடம்போரம் முழுக்க முள். தன் எச்சத்தையும், உரித்த தோலையும் வால் முள்ளில் கோத்து, முதுகுக்கு மேல் குடை மாதிரி பிடித்துக்கொள்ளும். எதிரி வந்தால் அந்தக் குடையை ஆட்டும்.

வண்டும் புழுவும் இலையைத் தின்னும். இலை சல்லடையானதைப் பார்த்துப் பக்கத்துக் காட்டுத் தம்பி, "ஐயா, மருந்து அடிச்சிடலாமா?" என்றார். வங்கியில் இருந்தவன் நான். வரவு செலவு பார்க்காமல் எதுவும் செய்ய மாட்டேன். "தம்பி, நாம விக்கிறது கிழங்கு, இலை இல்லையே" என்றேன். கொடி நன்றாகப் படர்ந்த பிறகு சில ஓட்டைகளைச் செடி தாங்கிக்கொள்ளும். மருந்து அடித்தால் இந்த வண்டின் முட்டைக்குள் முட்டையிடும் சின்னக் குளவிகளும் சேர்ந்து போய்விடும்.

உண்மையான கடன்காரன் கூன்வண்டு. எறும்பு மாதிரி இருக்கும். கருநீல உடம்பு, சிவந்த கழுத்து. இதன் புழு கிழங்கையே குடைந்துவிடும். கசப்பும் நாற்றமும் ஏறிய அந்தக் கிழங்கை மாட்டுக்குக்கூடப் போட முடியாது.

ஆகவே நான் செய்வது இதுதான். இளங்கொடியில் ஆமை வண்டு அதிகமானால் காலையில் கையால் பொறுக்குவேன். இலையடியில் காகிதம் மாதிரி ஒட்டியிருக்கும் முட்டைக் கூட்டையும் கிள்ளி எடுத்துவிடுவேன். வரப்போரத்து நெய்வேலிக் காட்டாமணக்கை அகற்றுவேன். அது ஆமை வண்டின் தாய்வீடு. கூன்வண்டுக்காக, மண் வெடிக்கும்போதெல்லாம் அணைத்து மூடுவேன். கிழங்கு முற்றியதும் தாமதிக்காமல் தோண்டுவேன். அடுத்த போகம் அதே இடத்தில் சர்க்கரைவள்ளி கிடையாது.

இலையில் ஓட்டை தெரிந்தால் தெளிப்பானைத் தூக்காதீங்க. முதலில் கொடியின் தூரைக் கிளறிக் கிழங்கைப் பாருங்க.