உம்மாவிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

என் சாச்சியின் மார்பில் சிறு கட்டியொன்று இருந்தது. நோவு இல்லாததால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. "எப்படிச் சொல்றது, வெட்கமா இருந்திச்சு" என்றார் பிறகு. அந்த வெட்கத்தில் எட்டு மாதங்கள் போய்விட்டன. இன்று அவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறார். அவருக்காகத் துஆச் செய்துகொண்டே இதை எழுதுகிறேன்.

இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமடையும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால், ஆரம்பக் கட்டி பெரும்பாலும் நோவதில்லை. "நோகல்லதானே" என்று இருந்துவிடுவதுதான் ஆபத்து.

20 வயதிலிருந்து மாதம் ஒருமுறை மார்பகங்களை நாமே பரிசோதிக்கப் பழக வேண்டும். மாதவிடாய் முடிந்து சில நாட்களின் பின் செய்வது நல்லது. முதலில் கண்ணாடி முன் நின்று, வடிவத்திலோ தோலிலோ மாற்றம் உண்டா எனப் பார்க்க வேண்டும். பின்னர் படுத்துக்கொண்டு, நடுவிரல்கள் மூன்றினாலும் வட்டமாக அழுத்தித் தடவ வேண்டும். அக்குளையும் விட்டுவிடக் கூடாது. புதிய கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுபடுதல், இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. எமது வயதில் வருபவை அநேகமாகத் தீங்கற்றவை. எனினும் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே. இளவயதினருக்கு ஸ்கேன், வயது கூடியவர்களுக்கு மெமோகிராம், தேவைப்பட்டால் ஊசியால் சிறிதளவு இழையம் எடுத்துப் பார்த்தல் என அவர் முடிவு செய்வார்.

உம்மாமாருக்காகவே சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. 1996 முதல் இயங்கும் இச்சேவை இலவசமானது. 35 வயதானவர்கள் கட்டாயம் போக வேண்டும். மார்பகத்தோடு கருப்பைக் கழுத்து, இரத்த அழுத்தம், சீனி என்பவற்றையும் அங்கு பரிசோதிப்பார்கள். எந்த நாளில் நடக்கிறது, பெண் வைத்தியர் இருப்பாரா என்பதை உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேட்டு அறியலாம்.

"உம்மா, நீங்க கிளினிக்குக்குப் போயிருக்கீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். உம்மா சிரித்தார், பிறகு மௌனமானார். அடுத்த கிளினிக் நாளில் வாப்பாவே அவரைக் கூட்டிச் சென்றார். குறையொன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். வெட்கம் நல்ல குணம்தான். ஆனால் நோயை மறைக்க அது உதவக் கூடாது. தோழியரே, இன்றே உங்கள் உம்மாவிடமும் கேளுங்கள்.