மிதக்கும் படித்துறை

ஏரி நீர் என்றும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. காட்டுமன்னார்கோவில் பக்கத்து வீராணம் ஏரியையே எடுத்துக்கொள்வோம். கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்து 47.5 அடியை எட்டினால் ஏரி நிரம்பிவிட்டது என்பார்கள். கோடையிலோ கல்லால் கட்டிய படி ஓரிடத்தில், தண்ணீர் வேறோரிடத்தில். நடுவே முழங்கால் அளவு சேறு. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் கடலின் ஏற்றவற்றத்தால் நீர்மட்டம் நாள்தோறும் மாறுகிறது. இத்தகைய இடங்களில் படகேறுவதற்கு, நீரோடு ஏறி நீரோடு இறங்கும் படித்துறையே ஏற்றது.

இது மேனாட்டார் நமக்குக் கற்றுத்தர வேண்டிய வித்தை அன்று. கோயில் குளங்களில் விடப்படும் தெப்பத்தைப் பார்த்திருப்போம். மேலே மூங்கிலும் வண்ணத் துணியும் விளக்குகளுமாய் ஒரு சிறு கோபுரமே நிற்கும். அடியில் இருப்பவை என்ன? பல ஊர்களில் வெறும் டிரம்கள்தாம்! அலங்காரத்தைக் கழற்றிவிட்டுப் பலகை பாவினால் அதுவே மிதக்கும் படித்துறை.

ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தூக்கும் என்பது ஆர்க்கிமிடீசின் விதி. 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்று பாதி மூழ்கினால் 100 கிலோ தண்ணீரை விலக்கும். அதன் சொந்த எடை ஏறக்குறைய 20 கிலோ போக, 80 கிலோவைத் தாங்கும். எட்டு டிரம்கள் 640 கிலோ தாங்கும். 12 அடி நீளம், 8 அடி அகலம் உள்ள சட்டமும் பலகையும் 350 கிலோ என்று வைத்துக்கொண்டால், மீதி 290 கிலோ. பெரியவர்கள் நால்வர் அச்சமின்றி நிற்கலாம். முழுவதும் மூழ்கும்வரை ஆள் ஏற்றலாமே என்று கணக்குப் போடக்கூடாது. தண்ணீருக்கு மேலே நிற்கும் அந்தப் பாதி டிரம்தான் நம் காப்பு.

மிதக்க வைப்பது எளிது. கவிழாமல் வைப்பதுதான் வேலை. நான்கு பால்மாவு டின்களின் மூடிகளை மெழுகால் அடைத்து, ஒரு பலகையின் அடியில் கட்டித் துணி துவைக்கும் தொட்டியில் விட்டுப் பார்த்தோம். டின்கள் நடுவில் நெருக்கமாக இருந்தபோது, மூலையில் வைத்த கருங்கல் பலகையைக் கவிழ்த்தது. அதே டின்களை நான்கு மூலைகளிலும் கட்டியபோது, அதே கல் அசையாமல் இருந்தது. தாங்கும் விசை கூடவில்லை, இடம்தான் மாறியது. ஆகவே எட்டு டிரம்களையும் படுக்க வைத்து, பக்கத்துக்கு நான்காக இரு ஓரங்களிலும் வரிசையாகக் கட்டவேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் தெரிந்த விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அடுத்த சுற்றுலாவில் "அதோ மான்!" என்று யாராவது கூவினால், தோழியரே, இருந்த இடத்திலேயே இருங்கள்.

டிரம் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டறிய வேண்டும். கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டை இருப்பதால் இரசாயன டிரம்கள் நம் பக்கத்தில் அரிதல்ல. அவற்றை ஏரியில் விட்டால் மீனுக்கும் கேடு, நமக்கும் கேடு. சமையல் எண்ணெய் வந்த டிரம் நல்லது. பெட்ரோல் இருந்த டிரம்மை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகவே கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். துருப்பிடிக்காத நீலப் பிளாஸ்டிக் டிரம் இன்னும் மேல். திருகு மூடியில் ரப்பர் வாஷர் வைத்து இறுக்கி, மேலே எம்-சீல் பூசலாம். நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசப்பட்டதை மறைக்கல்வி வகுப்பில் படித்தோமே, அதே வேலைதான்.

சட்டத்துக்கு நம் மாவட்டத்துச் சவுக்குக் கழி போதும். டிரம் பக்கவாட்டில் நழுவாதபடி கழிகளால் கூண்டுபோல் அடைத்து, நைலான் கயிற்றால் கட்டவேண்டும். ஆணியை நம்புவதைவிடக் கட்டை நம்பலாம். தேவனாம்பட்டினத்துக் கடலில் அலைக்கு ஈடுகொடுத்த கட்டுமரம் ஆணியால் ஆனதா என்ன? ஆங்கிலேயரும் அந்தப் பெயரைத்தான் தம் மொழிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

நான்கு மூலைகளிலும் கல் நங்கூரம் வேண்டும். கயிற்றை விறைப்பாகக் கட்டினால் நீர் ஏறும்போது மேடை மூழ்கும், ஆகவே தளர்வு விடவேண்டும். கரையிலிருந்து வரும் நடைபலகையைக் கரைப்பக்கம் கீல்வைத்துப் பொருத்தி, மறுமுனையை மேடைமேல் நகரும்படி விடுவார்கள். சுற்றிலும் கைப்பிடிக் கம்பி அவசியம். பொது ஏரியானால் நீர்வளத்துறையின் அனுமதி பெறவேண்டும். சொந்தக் குளமானாலும் பெரியவர்கள் இல்லாமல் இறங்கக்கூடாது.

கட்டி முடித்ததும் யாரும் ஏறாமல் ஓர் இரவு நீரில் விட்டு வைக்கவேண்டும். காலையில் ஏதேனும் ஒரு மூலை தாழ்ந்திருந்தால், அங்கே ஒரு டிரம்மில் தண்ணீர் புகுந்திருக்கிறது.