கல்லூரியோடு ஓட்டம் முடிந்தால் அடுத்து என்ன? தடகள வீராங்கனை சாந்தியின் 10 வருடப் போராட்டமும், காரைக்கால் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதும்

'காலேஜ் டீமில் ஆடினேன், கப் வாங்கினேன். டிகிரி முடிஞ்சுது. இனி இதை வெச்சு என்ன பண்றது?' காரைக்காலில் மட்டுமல்ல, எல்லா ஊர் மைதானத்திலும் மூன்றாம் ஆண்டு முடியும்போது வரும் கேள்வி இது. பதக்கம் இருந்தால் வேலை தானாகத் தேடி வரும் என்று பலர் நம்புகிறார்கள். ஆசிய அளவில் வெள்ளி வென்ற ஒருவருக்கே அப்படி நடக்கவில்லை.

யார் இந்த சாந்தி?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்தவர் சாந்தி சௌந்தரராஜன். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயங்களில் ஜெயித்தது அவருக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது. முதலில் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி, பிறகு சென்னை.

2005-ல் தென் கொரியாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே 800 மீட்டரில் மறுபடியும் வெள்ளி. நேரம் 2 நிமிடம் 3.16 நொடி. மூன்றாவதாக வந்தவரை அவர் முந்தியது வெறும் 0.03 நொடியில்!

பதக்கம் என்ன ஆனது?

போட்டி முடிந்ததும் அவருக்குப் பாலினச் சோதனை நடத்தப்பட்டது. அதில் அவர் தேறவில்லை என்று சொல்லி தோஹா பதக்கம் பறிக்கப்பட்டது. ஊக்கமருந்துப் புகார் எதுவும் அவர் மீது கிடையாது. ஆனாலும் சர்வதேசப் போட்டி வாழ்க்கை அத்தோடு நின்றுபோனது.

2007-ல் தமிழ்நாடு அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார். ஆனால் மாதா மாதம் கைக்கு வரும் நிரந்தர வருமானம் இல்லை. 2012-ல் அவர் செங்கல் சூளையில் சுமார் 200 ரூபாய் தினக்கூலிக்கு வேலை செய்கிறார் என்ற செய்தி நாடு முழுக்கப் பரவியது.

திருப்பம் எங்கே வந்தது?

2013-ல் பெங்களூருவில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையத்தில் தடகளப் பயிற்சியாளர் படிப்பில் சேர்ந்து முடித்தார். 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. தோஹாவிலிருந்து எண்ணினால் சரியாக 10 வருடம்.

இந்த 10 வருடத்தில் ஊடகங்களும் பொதுமக்களும் அவருக்காகப் பேசினார்கள், உண்மைதான். ஆனால் பயிற்சியாளர் நாற்காலியில் உட்காரத் தேவையான தகுதி, அந்தப் பயிற்சிப் படிப்புதான். பதக்கத்தைப் பறிக்கலாம், படிப்பைப் பறிக்க முடியாது.

வேலை முதலில் இருந்தால் என்ன ஆகும்?

இன்னொரு 800 மீட்டர் வீராங்கனையைப் பாருங்கள். திருச்சி முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து. 2019-ல் அதே தோஹாவில் ஆசிய தடகளப் போட்டியில் தங்கம் வென்றார். வெல்லும்போதே பெங்களூரு வருமான வரித் துறையில் அவருக்கு வேலை இருந்தது. பின்னர் ஊக்கமருந்து வழக்கில் அந்தத் தங்கமும் பறிபோனது, அது வேறு கதை. ஆனால் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சி எடுப்பதும், பதக்கம் வாங்கிவிட்டு வேலைக்கு அலைவதும் ஒன்றில்லை.

தமிழ்நாட்டு 3 சதவீதம் காரைக்காலுக்கு உண்டா?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நாகப்பட்டினத்துப் பையனுக்கு அது பொருந்தும். 20 கிலோமீட்டர் தள்ளி காரைக்காலில் இருப்பவர் அதை நம்பிக் காத்திருக்க முடியாது. காரணம், காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருக்கிறது. பேசுவது தமிழ், பஸ் ஏறினால் தமிழ்நாடு. ஆனால் போட்டியில் அணியும் சட்டையில் புதுச்சேரி என்றுதான் இருக்கும்.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது. மத்திய அரசின் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு மாநில எல்லை கிடையாது. நேரடி நியமன இடங்களில் 5 சதவீதம் வரை குரூப் சி வேலைகளில் விளையாட்டு வீரர்களை மத்திய அரசுத் துறைகள் எடுக்கலாம். வயது வரம்பில் 5 வருடம் வரை சலுகை உண்டு. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 10 வருடம் வரை. தபால் துறை, வருமான வரித் துறை போன்றவை இந்த வழியில் ஆள் எடுக்கின்றன. ரயில்வே தனி விதிகளோடு எடுக்கிறது.

கல்லூரியில் ஆடியது இதில் செல்லுமா?

செல்லும். ஆனால் எந்தப் போட்டி என்பது முக்கியம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் வாங்கிய கப் வீட்டு அலமாரிக்கு அழகு, இந்த கோட்டாவுக்கு உதவாது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் உங்கள் பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருக்க வேண்டும். காரைக்கால் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி மாணவர்களுக்கு அது புதுவைப் பல்கலைக்கழக அணி.

முன்னுரிமை வரிசையும் இருக்கிறது:

1. இந்தியாவுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஆடியவர்கள்.

2. மாநிலம் அல்லது யூனியன் பிரதேசத்துக்காக தேசியப் போட்டியில் ஆடி முதல் 3 இடங்களுக்குள் வந்தவர்கள்.

3. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் முதல் 3 இடங்களுக்குள் வந்தவர்கள்.

4. தேசிய பள்ளி விளையாட்டுகளில் முதல் 3 இடங்களுக்குள் வந்தவர்கள்.

தேசிய உடல்திறன் விருது பெற்றவர்கள் இவர்களுக்கு அடுத்து வருகிறார்கள். பதக்கம் இல்லாமல் பங்கேற்றவர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் வரிசையின் கடைசியில்.

படிவம் 3 என்றால் என்ன?

பல்கலைக்கழக அணிக்காக ஆடியதற்கு ஆதாரமாக மத்திய அரசு கேட்பது 'படிவம் 3'. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பு அதிகாரி நேரில் கையெழுத்திட்டால்தான் அது செல்லும். கல்லூரி உடற்கல்வி ஆசிரியரின் கையெழுத்து இதற்குப் போதாது. தேசியப் போட்டி என்றால் படிவம் 2. அதில் மாநில விளையாட்டுச் சங்கச் செயலாளர் கையெழுத்திட வேண்டும்.

படிக்கும்போதே இதை வாங்கிவிடுவது நல்லது. நாலு வருடம் கழித்து வேலை அறிவிப்பு வந்த பிறகு, காரைக்காலிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுச்சேரிக்கு ஓடி, பழைய ரெக்கார்டைத் தேடச் சொல்லி நிற்பது ரொம்பவே கஷ்டம். விண்ணப்பிக்கும் கடைசித் தேதி அதற்காகக் காத்திருக்காது.

கோட்டா கிடைக்காவிட்டால்?

விளையாடிய அனைவருக்கும் கோட்டா வேலை கிடைக்காது. சாந்தி போன மாதிரி பயிற்சி தரும் பக்கம் திரும்பலாம். பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோவுக்கு நாடு முழுக்க மதிப்பு உண்டு. அவ்வளவு காலம் ஒதுக்க முடியாதவர்களுக்கு 6 வார சான்றிதழ் படிப்பும் இருக்கிறது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் 2 வருட பி.பி.எட். காரைக்காலுக்குப் பக்கத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே உடற்கல்வித் துறை இருக்கிறது.

ஓய்வு பெற்ற வீரர்களுக்காக மத்திய அரசு 2024 ஆகஸ்ட் 29-ல், தேசிய விளையாட்டு தினத்தன்று, 'ரீசெட்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 20 முதல் 50 வயது வரை உள்ளவர்களுக்கானது. 12-ம் வகுப்பு முடித்தவர்களுக்குத் தனியாகவும், 11-ம் வகுப்பு வரை படித்தவர்களுக்குத் தனியாகவும் படிப்புகள் இருக்கின்றன.

பென்ஷன் வருமா?

மத்திய அரசு பென்ஷன் இருக்கிறது, ஆனால் சர்வதேசப் பதக்கக்காரர்களுக்கு மட்டும். 30 வயதைத் தாண்டி, போட்டியிலிருந்து ஓய்வும் பெற்றிருக்க வேண்டும். 2018-ல் உயர்த்தப்பட்ட கணக்குப்படி ஒலிம்பிக் பதக்கத்துக்கு மாதம் 20,000 ரூபாய், ஆசிய விளையாட்டுப் போட்டி வெள்ளிக்கு 12,000 ரூபாய். கல்லூரி வீரர் இதை நம்பித் திட்டம் போட முடியாது.

சுருக்கமாக, இப்போது செய்ய வேண்டியது

கல்லூரியில் இருப்பவர்கள்: பல்கலைக்கழக அணித் தேர்வைத் தவறவிடாதீர்கள். ஆடி முடித்த வருடமே படிவம் 3 வாங்குங்கள். ஒரிஜினலை லேமினேட் செய்யாமல் பத்திரமாக வைத்து, போனில் ஒரு காப்பியும் வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்து வெளியே வந்தவர்கள்: சான்றிதழ் இல்லையென்றால் இந்த மாதமே பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். வயது வரம்பைக் கணக்குப் பாருங்கள். கூடவே ஒரு பயிற்சியாளர் படிப்புக்கும் விண்ணப்பியுங்கள்.

பெற்றோர்கள்: 'விளையாடினது போதும், படி' என்று சொல்வதற்கு முன்னால், அந்த விளையாட்டுக்கான காகிதம் கையில் இருக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள். ஆசிய அளவில் ஓடியவருக்கே நிரந்தர வேலைக்கு 10 வருடம் ஆனது. உங்கள் பிள்ளைக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை.