குமணக் காட்டில் ஒரு பகல்

பொத்துவிலில் இருந்து பாணமை ஊடாகத் தெற்கே சென்றால் கடலோரத்தில் உகந்தை முருகன் ஆலயம் வரும். அதற்கு அருகில்தான் குமண தேசிய பூங்காவின் வாசல் உள்ளது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் இக்காட்டினூடாகவே நடக்கின்றனர்.

குமண 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. 2006 வரை இதற்கு யால கிழக்கு என்று பெயர். போரினால் 1985 இல் மூடப்பட்ட பூங்கா 2003 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. 2010 இல் இது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த றம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

ஒரு ஜூன் மாதம் எமது மாதர் சங்கத்துப் பெண்கள் 14 பேர் அங்கு சென்றோம். எங்களில் பலர் கணவரை இழந்தவர்கள். சிலர் காணாமல் போனவரை இன்றும் தேடுபவர்கள். "நாங்க சுற்றுலா போனா சனம் என்ன சொல்லும்?" என்று தயங்கியவர்களும் இருந்தனர். "காடு எண்டா பிள்ளையளத் தூக்கிக்கொண்டு ஓடின ஞாபகம்தான் வரும் அக்கா" என்றாள் ஒரு தங்கச்சி. அவளை வற்புறுத்தவில்லை. கடைசி நேரத்தில் தானாகவே வந்து ஏறினாள்.

உகந்தையில் ஜீப்புக்கு மாறினோம். நினைத்த இடத்தில் இறங்க அனுமதி இல்லை. குமண வில்லில் கண்டல் மரங்கள் நிறையப் பறவைக் கூடுகள். மே முதல் ஜூலை வரை இங்கு குஞ்சு பொரிக்கும் காலம். கூழைக்கடா, நீர்க்காகம், கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் கண்டோம். வெயில் ஏற ஏற, ஒரு நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தபடி அசையாமல் நின்றது. ஜீப்பில் யாரும் பேசவில்லை.

திரும்பும் வழியில் யானைக் கூட்டம் ஒன்று. பெண் யானைகளும் குட்டிகளுமே கூட்டமாக வாழும், ஆண் யானை வளர்ந்ததும் பிரிந்துவிடும், மூத்த பெண் யானையே பெரும்பாலும் வழிநடத்தும் என்று வழிகாட்டி சொன்னார். "அப்ப அதுவும் எங்களப் போலதான்" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தோம். ஒரு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "என்ட வயல ரெண்டு தரம் அழிச்சது யானைதான். ராவில தனிய யானை வெடி கொளுத்துறவளுக்குத்தான் தெரியும்" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். காட்டைக் காப்பவர்கள் அவரது வயலையும் நினைக்க வேண்டும்.

கடற்கரையில் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது, வரத் தயங்கிய தங்கச்சி கேட்டாள்: "அடுத்தமுறை பிள்ளையளையும் கூட்டி வரலாமா?"

சகோதரிகளே, மாதம் ஒரு சிறு தொகை சேர்த்தால் நீங்களும் குழுவாகப் போகலாம். அதிகாலையில் புறப்படுங்கள். குடிநீர் போதியளவு எடுங்கள். பொலித்தீனைக் காட்டில் போடாதீர்கள். சனம் என்ன சொல்லும் என்ற பயத்தை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.