கரையில் ஓடும் இஞ்சின் ஆற்றில் ஏன் நிற்கிறது?

கோலசிலாங்கூர் பக்கம் வார இறுதியில் மீன் பிடிக்கப் போகும் நம்மவர்கள் சிலர், நாலு பேராகப் பணம் போட்டுச் சிறு படகு வாங்குகிறார்கள். நானும் என் மைத்துனரும் அப்படித்தான் வாங்கினோம். புது அவுட்போர்ட் இஞ்சினைப் பொருத்தியதும் வேலை முடிந்துவிடாது. கார்புரேட்டர் உள்ள இஞ்சின் என்றால், ஐடிலைச் சரிபார்க்கும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

ஐடிலில் நின்றுபோகும் காரைச் சாலை ஓரமாகத் தள்ளிவிடலாம். படகு அப்படியல்ல. ஜெட்டியை நெருங்கும்போதும், கியர் மாற்றும்போதும் இஞ்சின் ஐடிலில்தான் ஓடுகிறது. அந்த நேரத்தில் அது நின்றால் படகைத் திருப்பவும் முடியாது. அவுட்போர்ட் படகு திரும்புவதே புரொப்பெல்லர் தள்ளும் விசையால்தான். கடல் வற்றும் நேரமாக இருந்தால், ஆற்றின் இழுவை படகை எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது.

கரையில் குழாய்த் தண்ணீர் கொடுத்து நியூட்ரலில் ஓட்டினால் இஞ்சின் அழகாக ஓடும். அதை நம்பிவிடக் கூடாது. ஆற்றில் புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ள வேண்டும். புகையும் தண்ணீரின் எதிர்ப்பை மீறித்தான் வெளியேற வேண்டும். அந்தச் சுமையில் வேகம் குறைந்து இஞ்சின் நின்றுவிடும். "ஐடிலைக் கொஞ்சம் ஏத்திவிடுங்க மச்சான், நிக்காது" என்றார் மைத்துனர். பலரும் செய்யும் குறுக்கு வழி இது. ஐடில் அதிகமானால் கியர் விழும்போது 'டக்' என்று அடிக்கும்; நாளடைவில் கியரின் பற்கள் தேயும்; படகும் ஜெட்டியை நோக்கிப் பாயும்.

சரியான வழிக்கு அரை மணி நேரம் போதும். படகை முன்னும் பின்னும் இரட்டைக் கயிற்றால் ஜெட்டியில் கட்டுங்கள். இஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு ஓட்டுபவரின் கையில் மாட்டியிருக்கட்டும். புரொப்பெல்லர் பக்கம் யாரும் இருக்கக் கூடாது. இஞ்சினின் பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். பத்து நிமிடம் சூடேறியபின் முன் கியரில் போடுங்கள்.

இனி ஐடில் கலவை ஸ்குரூ. எத்தனை சுற்றில் தொடங்குவது, எந்தப் பக்கம் திருப்பினால் பெட்ரோல் கூடும் என்பது இஞ்சினுக்கு இஞ்சின் மாறும்; கையேட்டைப் பாருங்கள். அரைக்கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து வினாடி காத்திருங்கள். பெட்ரோல் குறைந்தால் கார்புரேட்டர் தும்மும். கூடினால் ஓட்டம் கனத்து, புகை கருக்கும். இரண்டுக்கும் நடுவே சீராக ஓடும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து பெட்ரோல் கூடும் பக்கமாக ஒரு மயிரிழை தள்ளி வையுங்கள். அப்போதுதான் திராட்டிலைத் திடீரெனத் திறந்தாலும் இஞ்சின் திக்காது.

ஐடில் வேகத்துக்குத் தனி ஸ்குரூ உண்டு. கலவை சரியான பிறகுதான் அதைத் தொட வேண்டும். கியரில் இருக்கும்போது எத்தனை சுற்று என்பதும் கையேட்டில் இருக்கும். பல சிறு இஞ்சின்களுக்கு நிமிடத்துக்கு 700 முதல் 900 வரை.

ஸ்குரூவைத் திருப்பியும் ஓட்டத்தில் மாற்றமே இல்லையென்றால், பழைய பெட்ரோல் ஜெட்டை அடைத்திருக்கக் கூடும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஸ்குரூ மூடி முத்திரையிட்ட இஞ்சினை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

கடைசியாக ஒரு சோதனை. நியூட்ரல், முன் கியர், நியூட்ரல், பின் கியர் என்று பத்து முறை மாற்றிப் பாருங்கள். ஒரு முறைகூட நிற்காவிட்டால், அன்றைக்குப் பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி மாட்டிப் படகில் ஏற்றலாம். ஒரு முறை நின்றாலும், மீன் அடுத்த வாரம் வரை காத்திருக்கட்டும்.