தார் எட்டாத கிராமச் சாலைகளுக்கு எந்த மண்?

புதுதில்லி: "அனைத்துக் காலச் சாலை" என்றாலே தார்ச் சாலைதான் என்று கிராம மக்கள் எண்ணுகின்றனர், மக்கள் பிரதிநிதிகள் பலரும் அப்படியே எண்ணுகின்றனர். ஆனால், 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி தொடங்கப்பட்ட பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் அவ்வாறு கூறவில்லை. எல்லாப் பருவங்களிலும் பயன்படுத்தக்கூடியதாகவும், வடிகாலும் சிறுபாலங்களும் உள்ளதாகவும் இருந்தால் போதும்; தார் போட்டிருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதே அவற்றின் விளக்கம். அப்படியானால் தார் இல்லாத சாலையை எந்த மண்ணால் போடுவது? தலைநகரில் நூல் வடிவில் கிடைக்கும் பதில், மைசூரு மாவட்டத்தின் சிற்றூர்களுக்குச் சென்று சேருவதற்குள் பெரும்பாலும் தேய்ந்து போகிறது.

மைசூரு இவ்விஷயத்துக்கு நல்ல உதாரணம். மாவட்டத்தின் பெரும்பகுதி செம்மண் நிலம். தோண்டினால் சற்று ஆழத்தில் சரளை கிடைக்கும். நஞ்சன்கூடு, திருமகூடலு நரசிப்புரம் வட்டங்களின் சில பகுதிகளில் கரிசல் மண். மேற்கே ஹுன்சூர், பெரியபட்டணா பகுதிகள் வர்ஜீனியா புகையிலைக்குப் பெயர் பெற்றவை. ஹெக்கடதேவன கோட்டை வட்டத்தில் நாகரஹொளே காட்டையொட்டி ஜேனு குறுபர் போன்ற பழங்குடியினரின் "ஹாடி" எனப்படும் குடியிருப்புகள் உள்ளன. கேரள எல்லையை நெருங்க நெருங்க மழை அதிகம். ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை வேறுபாடு இருக்க, சாலைக்கான மண் மட்டும் பெரும்பாலும் ஒரே அளவுகோலில் தேர்ந்தெடுக்கப்படுகிறது: எந்தக் குழி அருகில் உள்ளதோ அதுவே!

சரளைச் சாலையின் மண்ணில் மூன்று பொருள்கள் அளவோடு சேர்ந்திருக்க வேண்டும். பாரத்தைத் தாங்கக் கல், கல்லின் இடைவெளியை நிரப்ப மணல், இரண்டையும் பிடித்து வைக்கக் களிமண். களிமண் மிகுந்தால் முதல் மழையிலேயே சாலை வழுக்கும். டிராக்டர் சக்கரம் புதையும். களிமண் குறைந்தால் கல் பெயர்ந்து ஓரத்துக்கு ஒதுங்கும். சாலையின் குறுக்கே அலை அலையாக வரிகள் விழும். சைக்கிளில் செல்வோரைக் குலுக்கி எடுக்கும் அந்த வரிகளுக்கு வாகன ஓட்டிகளை மட்டும் குறை கூறுவதில் பயனில்லை. மண்ணில் பசை இல்லை என்பதே அதன் பொருள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தார்ச் சாலையின் அடித்தளத்துக்குக் களித்தன்மை மிகக் குறைந்த சரளையே நல்லது. மேலே தார் மூடியிருப்பதால் அதற்குப் பசை தேவையில்லை. அதே சரளையை மேல் மூடாத சாலையில் பரப்பினால் கோடையில் புழுதியாகப் பறந்துவிடும். மூடாத சாலைக்குச் சற்றே களிப்புள்ள மண் வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் ஒரே விவரக்குறிப்பை இரண்டுக்கும் பயன்படுத்துவது நம் நாட்டில் மட்டும் நிகழும் தவறல்ல.

இதற்கு எளிய கணக்கு ஒன்றைத் தென்னாப்பிரிக்கப் பொறியாளர்கள் 1980-களின் இறுதியில் வகுத்தனர். ஈர மண்ணைச் சுமார் 15 செ.மீ. நீளத் தொட்டியில் நிரப்பி உலர்த்தி, எத்தனை விழுக்காடு சுருங்குகிறது என்று பார்க்க வேண்டும். 0.425 மி.மீ. சல்லடையில் எத்தனை விழுக்காடு இறங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் வரும் எண் 100-க்கும் 365-க்கும் இடையே இருந்தால் மண் ஏற்றது. வீடுகள் நெருங்கிய இடங்களில் புழுதியைக் குறைக்க 240-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. உதாரணமாக, சுருக்கம் 6 விழுக்காடு, சல்லடையில் இறங்குவது 40 விழுக்காடு எனில் பெருக்குத்தொகை 240. சுருக்கம் ஒரே விழுக்காடு எனில் அது 40 ஆகக் குறையும். அச்சாலையில் வரி விழும். 12 விழுக்காடு சுருங்கும் மண்ணோ 480-ஐத் தொடும். மழையில் அதன் மீது நடக்கவும் முடியாது. அங்கும் இந்த ஓர் எண்ணோடு விடுவதில்லை. கற்களின் அளவு வரிசைக்கும், நீரில் ஊறிய நிலையில் மண்ணின் தாங்குதிறனுக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. 37.5 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களைக் கூடியமட்டும் நீக்கிவிட வேண்டும் என்பதும் விதி.

இந்தியாவிலும் நூல்களுக்குக் குறைவில்லை. இந்தியச் சாலைப் பேரவை சரளைச் சாலைகளுக்கென்றே 2008-இல் தனிக் கையேடு வெளியிட்டது. தில்லி மதுரா சாலையில் உள்ள மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் மண்ணைப் பதப்படுத்தும் முறைகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. குறை, கையேட்டுக்கும் குழிக்கும் இடையில்தான் உள்ளது.

அருகில் நல்ல மண் இல்லாவிட்டால் இருக்கும் மண்ணைச் சீர்ப்படுத்தலாம். மிகவும் மலிவான வழி கலப்பது. பசையில்லாத சரளையுடன் களிமண்ணை அளவோடு சேர்த்தால், தனித்தனியே உதவாத இரண்டும் சேர்ந்து உதவும். மைசூரு போன்று செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்துக் கிடைக்கும் மாவட்டத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். எனினும், கரிசலைக் கட்டியாகக் கொட்டிப் பரப்பினால் கலவை ஆகாது. உலர்ந்த நிலையில் பொடித்து, டிராக்டர் கலப்பையால் பலமுறை புரட்ட வேண்டும். அடித்தளமே கரிசலாக இருக்கும் இடங்களில் சுண்ணாம்பு கை கொடுக்கும். எடையில் சில விழுக்காடு சேர்த்தாலே மண்ணின் வீக்கமும் சுருக்கமும் வெகுவாகக் குறையும். மணற்பாங்கான மண்ணுக்குச் சுண்ணாம்பு பயன்படாது, அங்கே சிமெண்ட். ஏரி வண்டலை அள்ளிச் சாலையில் கொட்டும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. வயலுக்குப் பொன்னான அந்த வண்டல் சாலைக்கு நஞ்சு.

வெப்பமண்டல நாடுகளின் சாலைகளைத் தாங்கி நிற்கும் லேட்டரைட் எனப்படும் செம்பூரான் கல்லுக்குப் பெயரிட்டவரும் மைசூரைக் கடந்து சென்றவர்தான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு, 1800-இல் சென்னையிலிருந்து மைசூர் வழியாக மலபார் வரை பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளியிட்ட நூலில் கேரளத்தின் அங்காடிப்புரத்தில் கண்ட கல்லுக்கு அப்பெயரைச் சூட்டினார். செங்கல் எனப் பொருள்படும் லத்தீன் சொல்லே அதன் வேர்.

மண் சரியாக இருந்தும் சாலை கெடுவதற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, போதிய ஈரத்தில் உருளை ஓட்டி இறுக்காதது. 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் நாடெங்கும் ஏராளமான கிராமச் சாலைகள் போடப்பட்டன. பொருள் செலவு 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, இயந்திரங்களைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்பவை அச்சட்டத்தின் நிபந்தனைகள். கூலி ஏழைகளைச் சேர வேண்டும் என்ற நோக்கம் நியாயமானதே. ஆயினும் மண்வெட்டியால் பரப்பிய மண்ணைக் கால்களால் மிதித்து இறுக்க இயலாது. இரண்டாவது காரணம் தண்ணீர். சாலையின் நடுப்பகுதி ஓரத்தைவிட மீட்டருக்குச் சுமார் 4 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். சமதளமாக விட்டுவிட்டால் எந்த மண்ணும் நில்லாது.

புகையிலை ஏலம் பொதுவாகத் தொடங்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஹுன்சூர்ப் பகுதியில் மழை ஓய்ந்திருப்பதில்லை. பதப்படுத்தும் கொட்டகைகளுக்கு விறகும், ஏலக் களத்துக்குச் சிப்பமும் இச்சாலைகளில்தான் செல்ல வேண்டும். காட்டோரக் குடியிருப்புகளின் நிலை இன்னும் கடினம். புலிகள் காப்பகங்களுக்குள் புதிய சாலைக்கும் அகலப்படுத்துவதற்கும் கடும் கட்டுப்பாடுகள் உள்ளன. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபையின் பரிந்துரையுடன் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைச் சாலைக்கு ஒதுக்க வழி செய்துள்ளது. தொன்மையான பழங்குடியினருக்காக 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட "பிஎம் ஜன்மன்" திட்டத்திலும் சாலைகள் இடம்பெற்றுள்ளன. ஜேனு குறுபர் அப்பட்டியலில் உள்ளவர்கள். ஆனால் தார் வரும் வரை, பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை ஏற்றிவரும் ஜீப் செல்ல வேண்டியது சரளைப் பாதையில்தான்.

மண் எடுப்பதும் முன்போல் எளிதன்று. சாலை போன்ற பணிகளுக்குச் சாதாரண மண் எடுக்க முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என 2020-இல் மத்திய அரசு அளித்த விலக்கை 2024 மார்ச் 21-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மூடப்படாத குழிகளில் மழைநீர் தேங்கிக் குழந்தைகளும் கால்நடைகளும் விழும் செய்திகளைப் படிப்போர் இதில் குறை காண மாட்டார்கள். அதே வேளையில், கிடைக்கும் மண்ணை வீணாக்காமல் பயன்படுத்த வேண்டிய கட்டாயமும் இதனால் கூடுகிறது.

வீணாவது எவ்வளவு? சரளைச் சாலை ஆண்டுக்கு ஒன்று முதல் மூன்று செ.மீ. வரை தேய்வது பல நாடுகளில் காணப்படும் அனுபவம். 3.75 மீட்டர் அகலச் சாலை இரண்டு செ.மீ. தேய்ந்தால் கிலோ மீட்டருக்கு 75 கன மீட்டர் மண் போய்விடும். டிப்பர் லாரியில் சுமார் பதினைந்து நடை. பிரதமரின் திட்டத்தில் போடப்படும் சாலைகளை ஒப்பந்ததாரரே ஐந்தாண்டுகள் பராமரிக்க வேண்டும். ஊராட்சிகள் போடும் சரளைச் சாலைகளுக்கு அத்தகைய காவல் பெரும்பாலும் இல்லை. மழை நின்று மண்ணில் ஈரம் இருக்கும்போதே டிராக்டரில் இரும்புச் சட்டத்தைக் கட்டி இழுத்து, ஓரத்துக்கு ஒதுங்கிய சரளையை நடுவுக்குக் கொண்டுவர ஒரு கிலோ மீட்டருக்கு அரை நாள் வேலைதான் ஆகும்.